கடாரத்தில் கூரையில்லாத கோயில்

வியாழன் இரவு, பீடோங்

கெடாவுக்குப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லாரும் லங்காவித் தீவுக்கா என்றுதான் கேட்டார்கள். இல்லை, மெர்போக் என்றேன். "அங்க என்னா இருக்கு?" ஒரே வரியில் பதில் சொல்ல வரவில்லை. கெடாதான் பழைய கடாரம். மலேசியாவில் நேரில் போய்ப் பார்க்கக் கிடைக்கும் பழைய இந்துக் கோயில்களில் முக்கியமானது அங்கே, ஜெராய் மலையடிவாரத்தில், ஓர் ஓடைக்கரையில் இருக்கிறது. புக்கிட் பத்து பஹாட் சண்டி என்று பெயர். பழங்காலக் கோயில் எச்சங்களை இங்கே சண்டி என்பார்கள். கட்டட வரைபடம் போடுவது என் தொழில். அந்த அடித்தளத்தின் படங்களை எத்தனையோ முறை பார்த்தாயிற்று, நேரில் நின்று பார்த்ததில்லை.

தங்கியிருப்பது பீடோங்கில், பெரியம்மா வீட்டில். சுங்கைப்பட்டாணிக்கு வடக்கே, காரில் கொஞ்ச நேரம்தான். ஒரு காலத்தில் இந்தச் சின்னப் பட்டணத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ரப்பர் தோட்டம். சம்பள நாளில் கடைத்தெருவில் கால் வைக்க இடமிருக்காதாம். இப்போது பால்மரம் அருகிவிட்டது. பாதி செம்பனை, மீதி தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகள். 1947-ல் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லித் தொண்டர் படை எழுந்தது இந்த வட்டாரத்தில்தான். அது தனியாக எழுத வேண்டிய கதை, இந்தப் பயணத்தில் அதற்கு இடமில்லை.

பெரியம்மா ஆயுசில் பாதி ரப்பர் மரம் சீவியவர். மெர்போக் இங்கிருந்து ரொம்பப் பக்கம்; இதுவரை அவர் போனதில்லை. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள பஸ்ஸு வச்சிக் கூட்டிட்டுப் போவாங்க. நமக்கு எங்க நேரம்? விடியறதுக்கு முன்ன பெரட்டுக்கு நிக்கணும், அப்புறம் காட்டுக்குப் போவணும்." பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடுவது, காடு என்றால் ரப்பர்க்காடு. நாளை அவரும் வருகிறார். கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை என்பதால் கார் ஓட்ட அண்ணனும் கிடைத்தார்.

வெள்ளி, மெர்போக்

ரொட்டி சானாயும் தே தாரிக்கும் பசியாறிவிட்டுக் கிளம்பினோம். செமிலிங் தாண்டியதும் ஜெராய் மலை வலது பக்கம் முழுசாக எழுந்து நின்றது. உயரம் 1,217 மீட்டர். அதைவிட உயரமான மலைகள் இந்த நாட்டில் நிறைய உண்டு. ஆனால் இது கடலோரத்தில், தட்டையான வயல்வெளிக்கு நடுவே தனியாக நிற்கிறது. வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் கப்பலுக்குக் கரை தெரியும் முன்பே இந்த மலை தெரிந்துவிடும். இதன் அடியில் ஏன் இத்தனை கோயில்கள் என்று கேட்பவர்களுக்கு முதல் பதில் அதுதான்.

இந்த வட்டாரத்துக்குப் பூஜாங் பள்ளத்தாக்கு என்று பெயர். இங்கே உள்ள தொல்பொருள் அருங்காட்சியகம் 1980-ல் திறந்தது. உள்ளே பிறகு போகலாம் என்று நேராக மேட்டில் ஏறினோம்.

முதல் பார்வைக்கு ஏமாற்றம்தான். கோபுரம், சிகரம், சிற்பம், தூண் எதுவும் கிடையாது. கருங்கல் அடுக்கிய நீளமான மேடை, அதன் மேற்கு ஓரத்தில் சதுரமாக எழும்பிப் பாதியில் நிற்கும் கல்சுவர், அவ்வளவுதான். பக்கத்தில் மெர்போக் கெச்சில் ஓடை பாறைகளுக்கு நடுவே சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறது. தஞ்சாவூரை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் படம் எடுத்துவிட்டு ஓடைக்குக் குளிக்க இறங்கிவிடுகிறார்கள். இன்றைக்கும் ஒரு கூட்டம் அப்படித்தான் செய்தது.

பெரியம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மேடையைச் சுற்றி ஒரு வலம் வந்தார். வந்து நின்று, "சாமி எங்க?" என்றார். இல்லை என்றேன். "மேல என்னா போட்டிருந்தாங்க?" மரக்கூரை, அழிந்துவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நம்ம தோட்டத்துக் கோயில் மாதிரிதான். கீழ சிமெந்துத் திட்டு, நாலு கட்டை, மேல தகரம்."

இந்தக் கட்டடத்தைப் பற்றி நான் படித்த எதையும்விட அது சரியான வருணனை.

விளக்குகிறேன். நம் சிற்ப நூல்கள் விமானத்துக்கு ஆறு அங்கம் சொல்கின்றன. அதிட்டானம் என்கிற அடித்தளம், பாதம் என்கிற சுவர்ப்பகுதி, அதன் மேல் பிரஸ்தரம் என்கிற கூரைப்பகுதி, பிறகு கழுத்து, சிகரம், உச்சியில் கலசம். இங்கே முதல் அங்கம் முழுசாக இருக்கிறது, இரண்டாவதில் கொஞ்சம். மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. மேற்கே கருவறையைக் கொண்ட விமானம், கிழக்கே மண்டபம், வாசலும் கிழக்குப் பக்கம். இந்த வரிசை நமக்குப் பழகியதுதான், கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எங்கே நிற்கிறோம் என்று கால் சொல்லிவிடும். மண்டபத் தரையில் தூண்களைத் தாங்கிய கல்லடிகள் வரிசையாக இருக்கின்றன. தூண்கள் மரம். மரத்தூணை நேராக மண்ணில் நட்டால் இந்த மண்ணின் ஈரமும் கரையானும் விட்டுவைக்காது. அதனால் கல்லைப் போட்டு, அதன் மேல் தூணை நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கல்லடிகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பார்த்தாலே மேலே ஓடிய உத்திரத்தையும் கூரையையும் ஒரு தாளில் வரைந்துவிடலாம்.

தமிழ்நாட்டோடு ஒப்பிட்டு இதை ஏழைக் கோயில் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஒப்பிட வேண்டுமானால் கேரளத்தோடு ஒப்பிடுங்கள். அங்கேயும் அடித்தளம் கருங்கல், அதன் மேல் செம்புரைக்கல்லோ மரமோ, மேலே சரிந்து இறங்கும் மரக்கூரை. காரணம் ஒன்றே: மழை. ஜெராயின் சரிவில் மழை எப்படி அடிக்கும் என்பதை மதியம் ஒரு மணிக்கு நாங்களே அனுபவித்தோம். இப்படிப்பட்ட இடத்தில் அகலமான, சாய்வான கூரைதான் புத்திசாலித்தனம். ஈரம் படும் இடத்துக்குக் கல், மழையைத் தள்ளும் இடத்துக்கு மரம். இந்தக் கோயிலைக் கட்டியவர்கள் ஊரை அறிந்தவர்கள், அல்லது ஊரை அறிந்தவர்களைக் கேட்டவர்கள்.

மழைக்கு ஒதுங்கி அருங்காட்சியகத்துக்குள் போனோம். இந்தப் பள்ளத்தாக்கில் இந்து, பௌத்த எச்சங்கள் இரண்டும் கலந்தே கிடைத்திருக்கின்றன. கணபதி, ஆவுடையார், அபிஷேக நீர் வெளியேறும் கோமுகி ஆகியவற்றைப் பார்த்ததும் பெரியம்மாவுக்கு முகம் மலர்ந்தது. ஆவுடையாருக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். காவலர் புன்னகைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வட்டாரத்து எச்சங்களைப் பற்றி ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1840-களிலேயே எழுதினார். முறையான அகழாய்வு 1936-37-ல் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் மனைவி டோரதியும் செய்தது. அவர்கள் 30 இடங்களுக்கு எண் கொடுத்தார்கள். இந்தச் சண்டி எட்டாம் எண். வேல்ஸ் தோண்டிப் பார்த்த அடித்தளத்தை 1959-60-ல் அலஸ்டேர் லாம்ப் என்ற ஆய்வாளர் மீண்டும் அடுக்கிக் கட்டினார். நாம் இன்று பார்ப்பது அந்த மறுகட்டுமானம். அப்படி வேலை நடந்தபோதுதான் விமானத்துக்குள் ஒளிந்திருந்த கல்பேழைகள் வெளியே வந்தன.

எனக்கு இந்தப் பயணத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் அந்தப் பேழைகள். கருங்கல்லில் குடைந்த சிறு பெட்டி, மேலே கல்மூடி. உள்ளே நடுவில் ஒரு குழி, அதைச் சுற்றி எட்டுக் குழிகள். குழிகளில் உலோகத் தகடுகளும் மணிகளும் வைத்திருந்தார்கள். கோயில் கட்டுவோருக்கு இது தெரிந்த சடங்கு: கர்ப்பநியாசம். கோயிலின் உயிர் அடித்தளத்தில் வைக்கப்படுகிறது என்பது நம்பிக்கை. ஒன்பது அறை அல்லது இருபத்தைந்து அறை கொண்ட பேழை செய்து, அவற்றில் பொன், மணி, தானியம் முதலியவற்றைத் திசைக்குத் திசை வைத்து மூட வேண்டும் என்று மயமதம் போன்ற சிற்ப நூல்கள் சொல்கின்றன. எட்டுக் குழி எட்டுத் திசை, நடுக்குழி பிரம்மன் இடம்.

ஒரு நிமிடம் யோசியுங்கள். இந்தக் கட்டடத்தில் சிற்பம் இல்லை, கட்டியது யார் என்று சொல்லும் கல்வெட்டு இல்லை, கூரை போயிற்று. ஆனால் வெளியே யாருக்கும் தெரியாத இடத்தில், கட்டி முடித்த பிறகு எவர் கண்ணிலும் படப்போகாத ஒன்றை, முறை தவறாமல் செய்து வைத்திருக்கிறார்கள். ஊருக்குக் காட்டுவதற்காகக் கட்டியவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஆகமம் அறிந்த ஒருவர் இங்கே, இந்த ஓடைக்கரையில் நின்று, திசை பார்த்து, மணிகளை ஒவ்வொன்றாக வைத்திருக்கிறார். பக்கத்தில் கல்தச்சர் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்.

அருங்காட்சியக வளாகத்திலேயே இன்னும் மூன்று சண்டிகள் இருக்கின்றன: பெண்டியாட், பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங். சுற்றுவட்டாரக் கம்பங்களில், அதாவது கிராமங்களில், கிடைத்தவற்றைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே அடுக்கியிருக்கிறார்கள். செங்கல் வேலைப்பாட்டைப் பார்க்க நல்ல இடம். ஆனால் எனக்கு மனம் ஒட்டவில்லை. தன் மண்ணிலிருந்து பெயர்த்த கோயிலுக்கு வாசல் இருக்கிறது, வாசலுக்கு எதிரே இருந்த ஆறு இல்லை. வயலுக்குள் விட்டிருந்தால் ஒரு கல் மிஞ்சியிருக்காது என்று அண்ணன் சொன்னார். அதுவும் சரிதான்.

சனி, பெங்காலான் பூஜாங், தஞ்சோங் டாவாய்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர் கேட்கிறார்: "ராஜேந்திர சோழன் கட்டியதுதானே, ஏன் அதைச் சொல்லவில்லை?"

சொல்லாததற்குக் காரணம், அதற்கு ஆதாரம் இல்லை. நம் ஆட்கள் பூஜாங் என்றாலே புலிக்கொடி ஏற்றிவிடுகிறார்கள். ராஜேந்திரன் 1025-ல் கடற்படை அனுப்பியது உண்மை. அவன் மெய்க்கீர்த்தி ஸ்ரீவிஜயத்தில் தொடங்கி ஊர் ஊராக அடுக்கிக்கொண்டு போய், "தொடுகடற் காவல் கடுமுரட் கடாரமும்" என்று முடிக்கிறது. கடாரம் கொண்டான் என்ற பட்டமும் உண்மை. ஆனால் அந்த மெய்க்கீர்த்தி பேசுவது கைப்பற்றிய யானைகளையும் பொருளையும் தோரணத்தையும் பற்றி. வந்தார்கள், அடித்தார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். கோயில் கட்டினான் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. கோயில் கட்டினால் கல்லில் வெட்டாமல் விடுகிற வம்சமா அது?

அதற்கு முந்தைய கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். ராஜேந்திரனின் தகப்பன் ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்க வர்மன் தன் தந்தை சூடாமணி வர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைச் சோழ அரசு விட்டுக்கொடுத்தது. ஆனைமங்கலச் செப்பேடு இதைச் சொல்கிறது. லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றும் பெயர். ஆக, இங்கிருந்து அங்கே போய்க் கட்டியதற்குச் சாசனம் இருக்கிறது. அங்கிருந்து இங்கே வந்து கட்டியவர் யார் என்பதற்குத்தான் சாசனம் இல்லை.

இங்கே கிடைத்த எழுத்துகள் பெரும்பாலும் சமஸ்கிருதத்தில் உள்ள பௌத்த வாசகங்கள். தமிழ் வணிகர்கள் பெயர் பொறித்த கல் வேண்டுமானால் வடக்கே தாய்லாந்தின் தக்குவாபாவுக்குப் போக வேண்டும், அங்கே கல்வெட்டில் ஒரு குளம் வருகிறது, மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவும் வருகிறது. அல்லது சுமாத்ராவின் பாருஸுக்குப் போக வேண்டும், அங்கே ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. புக்கிட் பத்து பஹாட்டின் காலத்திலேயே ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. வேல்ஸ் முந்தைய காலத்தது என்றார், லாம்ப் அதைவிடப் பிந்தியது என்றார். என் கட்சி இது: திட்டம் நம் நூல்களில் உள்ளது, பொருள் இந்த மண்ணில் எடுத்தது, வேலை செய்த கைகளில் உள்ளூர்க் கைகள் நிச்சயம் உண்டு, காசு வாணிபக் காசு. படையெடுப்புக்கு இங்கே வேலையில்லை. இதைச் சொன்னால் தமிழரின் பெருமை குறைந்துபோகும் என்று யாராவது நினைத்தால், கப்பலைக் கொள்ளைக்கு விடுவதைவிடச் சரக்கோடு விட்டவர்கள் எந்த வகையில் குறைந்தவர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

பட்டினப்பாலையில் "ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்" காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிகின்றன. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். உரை மிகவும் பிற்காலத்தது, அதனால் அதை வைத்து மட்டும் வாதாட மாட்டேன். ஆனால் பெங்காலான் பூஜாங்கில் தோண்டியபோது கிடைத்தவற்றைப் பாருங்கள்: சீனப் பீங்கான் ஓடுகள், மேற்கு ஆசியக் கண்ணாடித் துண்டுகள், எண்ணி முடியாத மணிகள். சுமார் 11 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரையான சரக்கு. இன்றைக்கு நாங்கள் போனபோது கம்பத்தில் சின்ன ஆறு, அதில் ஒரு தோணிகூட இல்லை. வயல், தென்னை, மலாய்க்காரப் பாட்டி ஒருவர் விற்ற பிசாங் கோரெங் என்ற வாழைப்பழப் பொரியல். துறைமுகம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

தஞ்சோங் டாவாய்க்குப் போனால்தான் அந்தப் பழைய துறைமுகம் பிடிபடுகிறது. மெர்போக் ஆறு அகன்று கடலில் சேரும் முகம் அது. படகுத்துறையில் நின்று திரும்பினால் ஜெராய் முழுசாகத் தெரிகிறது. பாய்க்கப்பல் காலத்தில் தென்மேற்குக் காற்றில் கிழக்கே வந்தவர்கள் வடகிழக்குக் காற்று வரும்வரை திரும்ப முடியாது. மாதக்கணக்கில் இங்கேயே இருக்க வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனத் துறவி யிஜிங்கின் எழுத்தில், கெடாவிலிருந்து நாகப்பட்டினம் 30 நாள் கடல் வழி என்று வருகிறது. 30 நாள் கடலைத் தாண்டி வந்து, காற்று மாறக் காத்துக்கிடக்கிறவனுக்குச் சாமி கும்பிட ஓர் இடம் வேண்டாமா?

பெரியம்மா துறையில் உலர்த்திய நெத்திலி பேரம் பேசினார். விலையைக் கேட்டு முகம் சுளித்துவிட்டு ஒரு கிலோ வாங்கினார்.

ஞாயிறு, சுங்கை பத்து, பிறகு தோட்டம்

அண்ணனுக்கு இன்று வேலை. டாக்சி பிடித்துத் தனியாக சுங்கை பத்து போனேன். செமிலிங்குக்கும் மெர்போக்குக்கும் இடையில், செம்பனைக்கு நடுவே அகழாய்வுக் களம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் குழு 2009 முதல் தோண்டியது. இரும்பு உருக்கிய உலைகளின் எச்சம், உலைக்குக் காற்று ஊதிய சுடுமண் குழல்கள் குவியல் குவியலாக, ஆற்றுத்துறைக் கட்டுமானம், வட்டமான அடியில் எழுப்பிய ஒரு செங்கல் சடங்கு மேடை. அந்த மேடையின் காலம் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு என்று குழு அறிவித்தது. அவ்வளவு பழமை உண்டா என்பதில் மற்ற ஆய்வாளர்களுக்குள் சண்டை ஓயவில்லை. எனக்குச் சண்டையைவிடக் குழல்கள் முக்கியம். கோயிலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால், கப்பல்கள் எதற்காக வந்தன என்பதை மறந்துவிடுவோம். இரும்பு, காட்டுப் பொருள், துறை, கூலி, அதற்கெல்லாம் பிறகுதான் கோயில்.

பதினோராம் எண் சண்டி இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டும். வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது அதை இடித்துவிட்டார்கள். 2013 இறுதியில் செய்தி வெளியாகி நாடு முழுக்கப் பேச்சானது. தனியார் நிலம், பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் வரவில்லை. 2005-லேயே தேசிய மரபுடைமைச் சட்டம் வந்திருந்தது. ஆனால் பட்டியலில் ஏறாத இடத்துக்குச் சட்டம் என்ன செய்யும்? ஆயிரம் வருடம் மழையும் வேரும் அசைக்காத அடித்தளத்தை இயந்திரம் வந்து வழித்துப் போட்டது. அந்த நாட்களில் படங்களைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை. அதே சமயம் அது நமக்குப் புதிய அனுபவமும் இல்லை. தோட்டத்துக் கோயில்களுக்கு இதுதானே நடக்கிறது.

சாயங்காலம் பெரியம்மாவோடு அவர் வேலை செய்த தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் பாதியை இடித்துவிட்டார்கள், மீதியில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை இருந்த இடத்தில் புல். கோயில் மட்டும் மாறவில்லை. மாரியம்மன், பக்கத்தில் முனீஸ்வரன், பின்னால் நாகப்புற்று. தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் பட்டணத்துக்குக் குடிபோய்விட்டாலும் திருவிழாவுக்கு இங்கேதான் வருகிறார்கள்.

பெரியம்மா வெள்ளிக்கிழமை சொன்னதை இங்கே வந்ததும் கண்ணால் பார்த்தேன். பழைய மண்டபம் அப்படியே இருக்கிறது: கருங்கல்லும் சிமெந்தும் கலந்த திட்டு, மரத்தூண்கள் ஒவ்வொன்றும் ஒரு கல்லின் மேல், மேலே தகரக்கூரை. தூணுக்கு அடியில் கல் எதற்கு என்று பூசாரி ஐயாவிடம் கேட்டேன். "மண்ணுல நட்டா கரையான் தின்னுருமே தங்கச்சி" என்றார். யார் சொல்லிக்கொடுத்தது? "எங்க தாத்தா காலத்துல அப்படித்தான் போட்டாங்க." சுதைச் சிற்பங்களோடு உள்ள சின்ன விமானம் பிறகு வந்ததாம், தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதி வந்து செய்தது. மண்டபத்தைவிட அதுதான் எல்லாருக்கும் பெருமை. நான் மண்டபத்தையே சுற்றிச் சுற்றிப் பார்ப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

விமானத் திருப்பணியின்போது அடியில் ஏதாவது வைத்தீர்களா என்று கேட்டேன். பொருளாளர் சொன்னார்: "வைக்காம? நவரத்தினம், நவதானியம், பஞ்சலோகத் தகடு. பொம்பளைங்க மூக்குத்தி, தோடு எல்லாம் கழட்டிப் போட்டாங்க." பெரியம்மாவும் ஒரு ஜோடித் தோடு போட்டிருக்கிறாராம். இத்தனை வருடத்தில் என்னிடம் அதைச் சொன்னதே இல்லை. பெரியப்பாவுக்கும் சொல்லவில்லை என்று காரில் வரும்போது சொன்னார்.

கோயில் செயலவைக் கூட்டம் தொடங்கியது. தோட்டம் கைமாறிவிட்டது. புதிய உரிமையாளர் தரப்பு, கோயிலை ஓரத்தில் உள்ள ஒரு துண்டு நிலத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. அந்த இடம் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் பள்ளம். ஒத்துக்கொண்டு கிராண்டு, அதாவது நிலப்பட்டா, வாங்கிவிடலாம் என்று பாதிப் பேர், அம்மனை அசைக்கக் கூடாது என்று பாதிப் பேர். குரல் உயர்ந்தது, தேத்தண்ணி வந்தது, குரல் தணிந்தது. பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "நீ பார்த்துட்டு வந்தியே, அந்த மலையடிக் கோயிலு, அதுக்குக் கிராண்டு இருந்திச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மலையடியில் உள்ளது அரசாங்க அருங்காட்சியக வளாகத்தில் இருப்பதால் தப்பித்தது, தனியார் நிலத்தில் இருந்த இன்னொன்று போய்விட்டது என்றேன். "அப்ப நிலந்தான் முக்கியம்" என்றார். இடம் மாறக் கூடாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மெர்போக்கில் பெயர்த்து வைத்த சண்டிகள் அதற்குக் காரணம். ஆனால் கையில் ஒரு காகிதமும் இல்லாத இவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

என் தொழில் தெரிந்ததும் தலைவர் ஒரு வேலை கொடுத்துவிட்டார். எந்த முடிவு எடுத்தாலும் நில அலுவலகத்துக்கு மனு போக வேண்டும், மனுவோடு வரைபடம் இருந்தால் நல்லது. இன்றுவரை இந்தக் கோயிலுக்கு ஒரு வரைபடமும் கிடையாது. அளவுநாடாவை எடுத்தேன், இரண்டு இளைஞர்கள் மறுமுனையைப் பிடித்தார்கள். கருவறை, மண்டபம், பலிபீடம், கொடிமரத் திட்டு, முனீஸ்வரன் மேடை, கிணறு எல்லாம் குறித்தாகிவிட்டது. கூரையையும் போடட்டுமா என்று ஒரு தம்பி கேட்டான். முதலில் அடித்தளமும் எல்லைக்கோடும் சரியாக வரட்டும் என்றேன்.

எல்லைக்கல் இரண்டு செம்பனை வேருக்குள் புதைந்து கிடக்கின்றன. அவற்றைத் தோண்டிப் பார்த்து அளவை வாட்சாப்பில் அனுப்புவதாகப் பொருளாளர் சொல்லியிருக்கிறார். கூட்டம் மறுபடியும் வெள்ளிக்கிழமை. அதற்குள் முடித்து அனுப்ப வேண்டும்.